ஜோடித் தூக்கல்

க்ளைபெடா துறைமுகத்தில் பத்தொன்பது வருடம்,
தரைக்கு நாற்பது மீட்டர் மேலே
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து
ஊரான் சரக்கைத் தூக்கியவள் நான்.
இப்போது என்னைத் தூக்குகிறார்கள்.

குடலில் இருந்ததைப் போன வருடமே வெட்டியாயிற்று.
ஒரு சாண் குடல்,
கூடவே பதினெட்டு நிணநீர் முடிச்சுகள்.
ஈரல் சுத்தம் என்றார்கள்.
விகாந்தஸ் அன்றே படகுக்குப் புது மோட்டார் வாங்கிவிட்டான்.

ஆகஸ்டில் படம் எடுத்தபோது நுரையீரலில் நான்கு.
வலப்பக்கம் மூன்று, ஓரமாக, பட்டாணி அளவில்.
இடப்பக்கம் ஒன்று, ஆழத்தில்,
பெரிய ரத்தக்குழாயின் தோளில் சாய்ந்தபடி.
நுரையீரல் புற்றா என்று தொலைபேசியில் அழுதாள் தங்கை.
இல்லையடி. வீடு மாறியிருக்கிறதே தவிர
அது குடல் பெற்ற பிள்ளைதான்.
குடலுக்கான மருந்துக்குத்தான் கட்டுப்படும்.

எங்கள் மொழியில் நுரையீரல் என்ற சொல்லுக்குள்
நீந்துதல் ஒளிந்திருக்கிறது.
நானோ நீந்தத் தெரியாத துறைமுகக்காரி.

டாக்டர் ஸ்கிர்மாந்தே காகிதத்தின் பின்பக்கம் எழுதினார்:
மருந்து. கத்தி. கதிர். மறுபடி மருந்து.
ஏதாவது ஒன்று போதாதா என்று
கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

எண்பது டன் கொதிகலன் வந்தால்
ஒற்றைக் கிரேனிடம் கொடுக்க மாட்டோம்.
இரண்டு கொக்கி.
ஒன்று விரற்கடை முந்தினாலும் பாரம் சாயும்.
அதனால் கீழே ஒருவன் நிற்பான்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
இருவரும் அவன் கையை மட்டும் பார்ப்போம்.

ரத்தக்குழாய்களை முளைக்கவிடாத அந்த ஒரு மருந்தை
அறுவைக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்தினார்கள்.
கட்டியைப் பட்டினி போடுவது
தையலையும் பட்டினி போட்டுவிடுமாம்.
சரி, யாரோ கீழே நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்ந்த எதையும் தொடாதீர்கள் என்றாள் நர்ஸ்.
பால்டிக் கரையில். நவம்பரில்.
கதவுப்பிடி கடித்தது.
ஃப்ரிட்ஜ் கடித்தது.
தெருவில் மூச்சிழுத்தால்
தொண்டைக்குள் காற்று ஊசி கோர்த்தது.
இடுப்பில் இரண்டு நாள் பம்பைக் கட்டிக்கொண்டு
கையுறையோடு உருளைக்கிழங்கு உரித்தேன்.

பிப்ரவரியில் வலப்பக்கத்து மூன்றும் போயின,
மூன்று சின்னத் துளைகள் வழியாக.
இடப்பக்கத்தது கத்திக்கு எட்டாது, கதிருக்கு எட்டும்.
ஏமூதிஸ் என்ற பையன் ஒலிபெருக்கியில் சொல்வான்:
இழுங்க… பிடிங்க… அசையாதீங்க.
இருபத்திரண்டு நொடி.
ஐந்து காலை,
அந்த மேசைமேல் படுத்தபடியே நீந்தினேன்.

ஜூனில் ஊரே ரோஜா நிறத்தில் பீட்ரூட் சூப் குடிக்கிறது,
ஐஸ்போலக் குளிரக் குளிர,
வெள்ளரியும் சதகுப்பைக் கீரையும் மிதக்க.
எனக்கு மறுபடி மருந்துக் காலம்.
விகாந்தஸ் என் கிண்ணத்தை மட்டும் அடுப்பில் வைத்தான்.
கெஃபிர் திரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை.
இந்தப் பாவத்துக்கு உன்னை நாடு கடத்துவார்கள் என்றேன்.
சிரித்தோம். விலா வலித்தது,
வலப்பக்கம் மட்டும்.

செப்டம்பர் படத்தில் இடப்பக்கம் ஒரு சாம்பல் தீற்றல்.
கதிர் விட்டுப்போன வடுவா, அல்லது அதுவேதானா?
இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
அந்த நேர்மை பிடித்திருந்தது, பிடிக்கவுமில்லை.
மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்.

கீழே நிற்பவன் கையை முட்டியாக மூடினால்
அப்படியே பிடி என்று அர்த்தம்.
ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது.
பாரம் காற்றில் மெல்லத் திரும்பும்.
புதிதாக வருபவர்கள் அங்கேதான் வேர்ப்பார்கள்.
எனக்கும் வேர்க்கிறது.

மோட்டார் ஒரு வருடமாகப் பெட்டியில்தான் கிடந்தது.
இன்று காலை கொட்டகையில்
பிளாஸ்டிக் பட்டையை வெட்டும் சத்தம்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
மரத்துப்போன விரல்களால்
மிதவைச் சட்டையின் கொக்கியைத்தான்
போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.